சூரிய வெந்நீர்ச் சாதனமும் வரிச் சலுகையும்

உத்தமபாளையம் தாலுகா கோம்பையில் மாடியின்மேல் சூரிய வெந்நீர்ச் சாதனம் அமைக்க எண்ணும் குடியானவர், வரியில் ஏதேனும் கழிவு உண்டா என்று கேட்பது இயல்பே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய செலவில் 30 விழுக்காட்டை வீட்டுக்காரர் தம் வருமான வரியிற் கழித்துக்கொள்ள 2025 டிசம்பர் முடிய இடமிருந்தது. நம் தேசத்தில் சொந்த வீட்டுக்கு அவ்வித ஏற்பாடில்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே கிடையாதாகையால், வேறு வருமானமில்லாத குடியானவருக்கு அதனால் நஷ்டமுமில்லை. விடுதி முதலிய தொழில் நடத்தி வரி செலுத்துவோர் மட்டும் சாதனத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தேய்மானமாக எழுதலாம். 2017க்கு முன் அது 80ஆக இருந்தது.

மத்திய சர்க்கார் முன்னர் அளித்த 30 விழுக்காடு மானியம் 2014இல் நின்றுவிட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட 78,000 ரூபாய் வரையிலான உதவி, கூரைமேல் மின்சாரம் உண்டாக்கும் பலகைகளுக்கே உரியது, வெந்நீர்ச் சாதனத்துக்கன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறி முன்பணம் கேட்போரிடம் சர்க்கார் உத்தரவைக் காட்டச் சொல்லுக.

வாங்குவோர் யாவருக்கும் கிட்டும் சலுகை ஒன்றுண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இச்சாதனத்தின் மீதான சரக்கு சேவை வரி 12இலிருந்து 5 விழுக்காடாயிற்று. வரி நீங்கலாக 20,000 ரூபாய் விலையுள்ள சாதனத்துக்கு 1,400 ரூபாய் மிச்சம். மனு எதுவும் வேண்டுவதில்லை. ரசீதில் 5 என்றிருக்கிறதா எனப் பார்த்துக்கொண்டாற் போதும்.

உண்மையான ஆதாயம் மின்சாரத்திலேயே உள்ளது. 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 4 யூனிட் செலவாகும். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாக 100 யூனிட் அளிக்கும் முறை 2016இல் வந்தது. மின் கொதிகலன் ஒன்றே அதனை 25 நாளில் தீர்த்துவிடும். தென்னை மட்டையை எரித்து வெந்நீர் போடுவோருக்கு இந்த ஆதாயம் இல்லை. புகை ஒழியும், அவ்வளவே.

100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு வேண்டும். அது தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் நலம். கோம்பைக்கு மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் விரைவில் மறையும். ஆதலின் காலை வெயிலைத் தென்னையோ நீர்த்தொட்டியோ மறைக்காத இடம் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்து மேகமூட்ட நாட்களில் நீர் போதிய சூடேறாது. கிணற்று நீர் உப்பாயின் செப்புக் குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். அவ்விடங்களில் கண்ணாடிக் குழாய்ச் சாதனமே ஏற்றது.