ஆலத்தியூர் வெயிலும் சைக்கிள் செல்போனும்

போன வருஷம் மே மாதம், பெரம்பலூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தபோது, விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்னம் வழியாக ஆலத்தியூர் பக்கம் கிளம்பினேன். சுற்றிக்கொண்டு திரும்பினால் நூறு கிலோமீட்டர் சொச்சம். ராம்கோ சிமென்ட் ஆலை இருக்கும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். சிமென்ட் ஆலைகளை இந்த வட்டாரத்துக்கு இழுத்து வந்த அதே சுண்ணாம்புக்கல்தான் என்னையும் இழுத்தது. சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பிகள் இன்னும் ஓடைக்கரைகளில் அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

அன்றைக்கு அப்படி ஒரு கரையைப் பார்த்தேன். கையகலச் சிப்பிகள், ஒரு முழ உயரத்துக்கு. எதையும் பெயர்க்கவில்லை, படம் மட்டும் எடுத்தேன். வழித்தடத்தைச் செயலி பதிவு செய்துகொண்டிருக்கிறதே என்ற தைரியத்தில் இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளவில்லை. மதியம் ஒரு மணிக்குப் போன் செத்துப்போனது. இத்தனைக்கும் ஹேண்டில்பாரில் மாட்டி, பவர்பேங்க்கில் இணைத்து, சார்ஜ் ஏறுகிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு டீக்கடையில் கெஞ்சிச் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்தால், வீட்டிலிருந்து பதினேழு தவறிய அழைப்புகள். செயலியைத் திறந்தால் வழித்தடம் வெறும் பூஜ்யம். "நிறுத்து" பொத்தானை அழுத்தினால்தான் கோப்பில் எழுதுகிற ரகம் அது. இருபது வருஷமா மென்பொருள் எழுதுகிற நான் இதை முன்னாலேயே சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

பவர்பேங்க்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்புறம் ஏன் செத்தது? இதைத் தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. என் போனின் பேட்டரி 5000 எம்ஏஎச். சராசரி 3.85 வோல்ட் என்று வைத்தால் 19 வாட்-மணி. திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, வரைபடமும் மொபைல் டேட்டாவும் ஓடினால் மணிக்குப் பதிமூன்று சதவீதம் போகிறது, அதாவது ஏறக்குறைய இரண்டரை வாட். திரையை அணைத்து, விமானப் பயன்முறையில் ஜிபிஎஸ் பதிவு மட்டும் ஓடவிட்டால் மணிக்கு மூன்று சதவீதம்கூடப் போவதில்லை. ஜிபிஎஸ் என்றாலே பேட்டரியைக் குடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் குடிப்பது திரையும், சிக்னல் பலவீனமான இடத்தில் கோபுரத்தைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கும் ரேடியோவும்தான். ஜிபிஎஸ் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும், பதில் பேசாது. ஊர் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால் நெட்வொர்க்கே தேவையில்லை. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டுமே இப்படி வேலை செய்யும்.

பவர்பேங்க்கில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம், போனுக்குள் மறுபடி இறக்கும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். கைக்கு வருவது ஒன்றரை முழுச் சார்ஜ். அதுவே ஒரு நாளுக்குத் தாராளம். ஆக, அன்றைக்கு எனக்குக் குறைந்தது மின்சாரம் இல்லை.

சூடுதான் வில்லன். லித்தியம் அயனி பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. அந்தச் சூட்டில் ஏற்றினால் செல் சீக்கிரம் கெடும், மோசமான சந்தர்ப்பத்தில் ஆபத்தும்கூட. அதனால் போனே சார்ஜைக் குறைக்கும், பிறகு நிறுத்திவிடும். ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பமே 35 டிகிரி வரைதான். அரியலூர் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். நானோ கறுப்பு உறை போட்ட போனை நேர் வெயிலில் நிறுத்தி, மழை வந்தால் என்னாவது என்று மேலே ஒரு பிளாஸ்டிக் பையும் மாட்டியிருந்தேன். இட்லிப் பாத்திரம் மாதிரி. மறு வாரம் அதே ஏற்பாட்டை வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் பேட்டரி 47 டிகிரி. கேபிள் செருகியபடியே இருந்தது, சதவீதம் இறங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது பிரச்சினை அதிர்வு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி உடைந்த சாலையில் சார்ஜிங் முனை ஓயாமல் ஆடுகிறது. நாளடைவில் துளை தளர்ந்து தொட்டும் தொடாமலும் நிற்கும். கேமராவுக்கும் இது நல்லதில்லை. இப்போதைய போன்களில் கைநடுக்கத்தைச் சரிக்கட்ட லென்ஸைக் காந்தத்தால் மிதக்க விட்டிருப்பார்கள். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள்களில் நேரடியாக மாட்டினால் இந்த அமைப்பு பாதிக்கப்படலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. சைக்கிளுக்கு எஞ்சின் இல்லைதான். ஆனால் சஸ்பென்ஷனும் இல்லையே.

மாட்டியே ஆகவேண்டும் என்றால் ஹேண்டில்பாரின் ஓரத்தில் வேண்டாம், நடுவில், தண்டுக்கு மேல் மாட்டுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. நான்கு மூலையையும் இழுத்துப் பிடிக்கும் சிலிக்கான் பட்டை இருக்கிற ஹோல்டர் நல்லது. கிளாம்ப் தளர்வாக இருந்தால் பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒரு துண்டு வாங்கி உள்ளே சுற்றுங்கள், காசுகூடக் கேட்கமாட்டார்கள். வழுக்காது, அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கேபிள் முனை எல் வடிவத்தில் இருக்கட்டும். ஒரு வளைவு தளர விட்டு ஹோல்டரோடு சேர்த்துக் கட்டினால் இழுப்பு துளைக்குப் போகாது.

'டைனமோ போடலாமே' என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அப்பாவின் சைக்கிளில் டயரை உரசிச் சுற்றும் டைனமோ இருந்தது. விளக்கில்லாமல் போனால் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் அது. இப்போது சக்கரத்தின் நடு அச்சுக்குள்ளேயே வரும் ஹப் டைனமோ கிடைக்கிறது. யோசனை புதிதல்ல, ஸ்டர்மி-ஆர்ச்சர் 1936லேயே டைனோஹப் கொண்டுவந்துவிட்டது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் மாதிரி 90 மணி நேரத்தில் 1200 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களில் பலர் இதை நம்பித்தான் இரவைக் கடக்கிறார்கள்.

இவற்றின் வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். வேகம் கூடினால் மின்னோட்டமும் கூடிக்கொண்டே போகும் என்று தோன்றும். போகாது. வேகத்தோடு அதிர்வெண்ணும் ஏறுவதால், சுருளின் தூண்டல் தடையும் சேர்ந்து ஏறி, மின்னோட்டத்தை அரை ஆம்பியர் பக்கத்திலேயே பிடித்து வைத்துவிடும். வருவது மாறுதிசை மின்சாரம். டயோடுகளால் நேராக்கி, 5 வோல்ட்டுக்குக் கட்டுப்படுத்திய பிறகு இரண்டு, இரண்டரை வாட் மிஞ்சும், அதுவும் வேகம் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தால். நான் ஓடைக்கு ஓடை இறங்கி நிற்கிற ஆள். எனக்கு அது திரைச் செலவுக்கே பத்தாது. நிற்காமல் ஓட்டுகிறவர்களுக்கு, இரவில் ஓட்டுகிறவர்களுக்கு, டைனமோ அருமையான பொருள். மடக்குச் சோலார் பலகையையும் யோசித்தேன். கேரியரில் படுத்தபடி, என் முதுகு நிழல் விழுந்து, சூடேறி... வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் நான் வந்து சேர்ந்த ஏற்பாடு எளிமையானது. பகல் வெயிலில் போன் ஹேண்டில்பாரில் இருக்காது, ஓடும்போது சார்ஜும் கிடையாது. வெளிர் நிறத் துணிப்பையில், திரை அணைந்து, பதிவு மட்டும் ஓடும். ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் கோப்பில் எழுதும் செயலிக்கு மாறிவிட்டேன். வழி குழம்பினால் நிறுத்தி எடுத்துப் பார்க்கிறேன். எதிரே கல் லாரி வரும் சாலையில் கண் திரையில் இல்லாமல் இருப்பதே பெரிய லாபம். டீ குடிக்க நிற்கும் இடத்தில், நிழலில், பை சூடு தணிந்த பிறகு பவர்பேங்க் மாட்டுவேன். 18 வாட் வேகச் சார்ஜில் இருபத்தைந்து நிமிஷத்துக்கு முப்பத்தைந்து சதவீதம் ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் விமானப் பயன்முறையை எடுத்து வீட்டுக்குப் பேசுவதும். பத்து, ஒன்று, நாலு மணி என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சிப்பியோ கல்வெட்டோ எதைப் பார்த்தாலும் அட்சரேகை, தீர்க்கரேகையை நோட்டிலும் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளே சிதைந்துபோய், இன்று வரைபடங்களும் பழைய படங்களும்தான் மிச்சம்.

செப்டம்பரில் இந்த ஏற்பாட்டோடு மறுபடி போனேன். சாயங்காலம் சித்தி வீட்டு வாசலில் இறங்கும்போது 58 சதவீதம் இருந்தது. அந்த ஓடைக்கரை மட்டும் கிடைக்கவில்லை. மே மாதப் படத்தில் பின்னணியில் இரண்டு பனைமரமும் ஒரு மின்கம்பமும் தெரிகின்றன. ஜனவரியில் அதை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் தேடப் போகிறேன்.