கணக்கு யார் கையில்?

தென்காசிப் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரல் வேகத்தைப் பார்த்தவர்கள், அவளுக்குத் திறமை போதாது என்று சொல்லத் துணியமாட்டார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றுவது அவள்; ஆனால் எத்தனை கழிக்கப்பட்டது, வைப்புநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் வேறொருவர் நோட்டில் இருந்தது. வேலையில் சமத்துவம் பற்றிப் பேசும்போது இந்த நோட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

100 நாள் வேலைத் திட்டத்தில் அந்த நோட்டு கொஞ்சம் கைமாறியது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வருகையைப் படத்தோடு பதியும் செயலியை 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றும் பொறுப்பு, பல ஊர்களில் பணித்தளப் பொறுப்பாளரான உள்ளூர்ப் பெண்ணுடையதாக இருந்தது. சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டியவரின் கூலிதான் தொங்கியது. இது பெரிய அநியாயம். ஆனாலும், கண்மாய்க் கரையில் நின்று வருகைப் பதிவை நடத்தப் பழகிய பெண்ணை இனி ஒன்றும் தெரியாதவள் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

கணினி வேலையும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிவகிரியில் பஸ் ஏறி வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போனால், பக்கத்திலேயே மத்தளம்பாறை. ஸோகோ மென்பொருள் நிறுவனம் 2011-ல் தென்காசியில் தொடங்கிய சிறிய அலுவலகம் வளர்ந்து, அங்கே வளாகமாக இருக்கிறது. அந்த நிறுவனத்தின் 'டெஸ்க்' என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இந்த மண்ணில் வளர்ந்ததுதான். கல்லூரிப் பட்டம் கேட்காமல், பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்றுத்தரும் பள்ளியையும் இந்த நிறுவனம் நடத்துகிறது. பிள்ளைப்பேறு, வீட்டுப் பொறுப்பு என்று வேலையை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. அதன் பெயர் 'மறுபடி'.

பெண்ணைச் சென்னைக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இங்கே ஏராளம். சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்றால் அந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

மீதித் தடை, போன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். வீட்டில் போன் இருப்பது வேறு, அவள் கையில் இருப்பது வேறு. பீடி சுற்றுபவர் தன் வைப்புநிதிக் கணக்கை இன்று அரசின் 'உமங்' செயலியில் பார்க்கலாம். அதைத் திறக்கும் ஓ.டி.பி., பதிவு செய்த எண்ணுக்கு வரும். அந்த எண் மகனுடையது என்றால், அவன் வீடு திரும்பும்வரை அவள் அடுத்த கட்டைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.