அப்பா கோச், மகன் ஆட்டக்காரன்! டீம் பொறுக்குவதில் நியாயம் கிடைக்குமா?

உத்தமபாளையம்:-

"வாத்தியார் மகன் இல்லையா? அப்புறம் என்ன, அவனுக்கு டீமில் இடம் நிச்சயம்!"

பள்ளிக்கூட டீம் ஆகட்டும், கல்லூரி டீம் ஆகட்டும். ஆட்டக்காரர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியதும் மைதானத்து ஓரத்தில் கிளம்புகிற பேச்சு இது. உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் பக்கம் மட்டும் அல்ல. பந்து உருளுகிற ஊரில் எல்லாம் இதே பேச்சுதான்.

பயிற்சி கொடுக்கிறவரே அப்பா. ஆளைப் பொறுக்குகிறவரும் அப்பா. மகன் நன்றாக ஆடினாலும் ஊர் நம்பாது. சுமாராக ஆடினால் கேட்கவே வேண்டாம்!

அமெரிக்காவில் ஒரு கோச், மகனுக்கு டீமிலேயே பெரிய இடத்தைக் கொடுத்தார். நம் நாட்டில் ஒரு கோச், மகனை ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போயும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இரண்டுமே நடந்த கதை.

இதோ விவரம்.

ஒரு சர்ட்டிபிகேட், ஒரு வாழ்க்கை

"விளையாட்டுதானே, இதற்குப் போய் சண்டையா?" என்று சிலர் கேட்கலாம். அப்படி லேசாக விட முடியாது.

பள்ளிப் பையன்களுக்குக் குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி, அதற்கும் மேலே மாநிலப் போட்டி என்று ஏணி மாதிரி படி வைத்திருக்கிறார்கள். மேல்படியில் ஆடியவன் கையில் ஒரு சர்ட்டிபிகேட் சேரும். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு சீட்டுக்கு அது உதவும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பெரிய போட்டிகளில் ஆடிய சர்ட்டிபிகேட் வேண்டும். அந்தப் பெரிய போட்டிக்குப் போகிற வழி, உள்ளூர் டீமில்தான் ஆரம்பம் ஆகிறது.

கோம்பையில் இருந்தோ, ராயப்பன்பட்டியில் இருந்தோ விடிகாலை பஸ் பிடித்து பிராக்டீசுக்கு வருகிற பையனை நினைத்துப் பாருங்கள். அப்பா திராட்சைத் தோட்டத்துக் கூலியாக இருப்பார். பையனுக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. அவனுக்குத் தெரிந்த ஒரே சிபாரிசு அவன் கால்தான்.

கால்பந்தில் 11 பேருக்குத்தான் இடம். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போகவேண்டும். உள்ளே வந்தவன் கோச்சின் மகன் என்றால், வெளியே நிற்கிற பையன் மனதில் என்ன ஓடும்?

அமெரிக்க அப்பா

அமெரிக்காவில் 'புட்பால்' என்றால் நம் ஊர் உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். அதில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒரு இடம் உண்டு. தன் பக்கத்துக்குப் பந்து கிடைத்ததும், அநேகமாக ஒவ்வொரு தடவையும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, தானே ஓடுவதா என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு எடுக்கவேண்டும். வழக்கமாக ஒரு நேரத்தில் ஒருவன்தான் அந்த இடத்தில் ஆடுவான். மற்றவன் பெஞ்சில்!

டியான் சாண்டர்ஸ் என்பவர் அந்த ஆட்டத்தில் புகழ்பெற்ற பழைய வீரர். 2020–ல் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கோச் ஆனார். 2021–ல் இருந்து அங்கே குவார்ட்டர்பேக் யார்? அவருடைய மகன் ஷெடூர்தான். 2022 டிசம்பரில் அப்பா கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மகனும் கூடவே போனார். அங்கேயும் அதே இடம்!

"அப்பா தயவு" என்று பேச்சு கிளம்பியது. ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. 2022–ல் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்த டீம் கொலராடோ. 2024–ல் 13 ஆட்டத்தில் 9 வெற்றி! அந்த ஆண்டில் ஷெடூர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 74 தன் ஆட்களின் கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

அப்படியும் பேச்சு அடங்கவில்லை. 2025 ஏப்ரலில் அவர் போட்ட 2–ம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் கௌரவம் செய்தது. "இத்தனை சீக்கிரமா?" என்று பலர் கேட்டார்கள்.

அதே மாதத்தில், தொழில்முறை டீம்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் நாள் வந்தது. முதல் சுற்றிலேயே ஷெடூர் போய்விடுவார் என்று பலர் எழுதினார்கள். போகவில்லை. ஐந்தாவது சுற்றில், 144–வது ஆளாகத்தான் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் டீம் அவரை எடுத்தது.

அந்த மேஜையில் அப்பாவுக்கு நாற்காலி கிடையாது!

ஐதராபாத் வாத்தியார்

இப்போது நம் நாட்டுக் கதை.

சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, கால்பந்து கோச் ஆனவர். இந்தியா 1951–ல் டெல்லி ஆசிய விளையாட்டிலும், 1962–ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் கால்பந்தில் தங்கம் வாங்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். மூன்றுக்கும் கோச் இவர்தான்!

இவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீம். நடுக்களத்தில் ஆடும் ஹாஃப் பேக். 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய டீமில் இவரும் இருந்தார். வயது 21. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் போன்ற தமிழர்களும் அந்த டீமில் இருந்தார்கள்.

ரோமில் இந்தியாவுக்கு மூன்று ஆட்டம். அங்கேரியிடம் 1–2 என்று தோல்வி. பிரான்சுடன் 1–1 என்று சமம். பெருவிடம் 1–3 என்று தோல்வி.

மூன்றிலும் ஹக்கீம் இறங்கவில்லை! ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றும் வசதி அப்போது இல்லை. தொடக்கத்தில் இறங்கும் 11 பேரே கடைசிவரை ஆடவேண்டும். அந்த 11–ல் மகனுக்கு இடம் இல்லை.

ஹாஃப் பேக் இடத்துக்கு ராம் பகதூர், கெம்பையா, பிராங்கோ என்று நல்ல ஆட்கள் டீமில் இருந்தார்கள். 1962–ல் ஜகார்த்தாவுக்குப் போன டீமிலோ ஹக்கீம் பெயரே இல்லை. அந்த டீம்தான் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2–1 என்று தோற்கடித்துத் தங்கம் கொண்டுவந்தது.

புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்த டீமை நடத்திய ரகீம், 1963 ஜூனில் காலமானார். இவர் கதைதான் 2024–ல் அஜய் தேவ்கன் நடித்து 'மைதான்' என்ற இந்திப் படமாக வந்தது.

மகன் விசில் பிடித்தார்

அப்பா இடம் கொடுக்காததால் ஹக்கீம் வீணாகப் போய்விடவில்லை. விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் ஆனார். பிறகு சர்வதேச அங்கீகாரம் பெற்ற நடுவர் ஆனார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்திய டீமின் உதவிக் கோச். 2017–ல் தியான்சந்த் விருது. 2021 ஆகஸ்டில், 82–வது வயதில் காலமானார்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒலிம்பிக் டீமில் பெயர் இருந்தும் ஒரு நிமிஷம்கூட ஆடாத ஆட்டக்காரர் அவர். கோச் வேறு ஒருவராக இருந்தால் ஒரு ஆட்டத்திலாவது இறங்கியிருப்பாரோ? இதற்கு இனி யாரும் பதில் சொல்ல முடியாது.

அப்பா கோச்சாக இருந்தால் ஊரார் பையனுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பது தப்பு. சில சமயம் சொந்தப் பையனுக்கும் நஷ்டம் வரும்.

டென்னிசில் தகராறு இல்லை

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர் அவர் அப்பா. 1954–ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். தன் மகன் ரமேஷுக்கு அவரே கற்றுக்கொடுத்தார். ரமேஷும் 1979–ல் அதே பட்டத்தை வாங்கினார்.

"அப்பா தயவு" என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. டென்னிசில் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் விட்டுக்கொடுக்க மாட்டான். ஸ்கோர் போர்டே தீர்ப்பு. டீம் ஆட்டத்தில்தான் தீர்ப்பு ஒரு மனிதர் கையில் இருக்கிறது. வம்பு அங்கேதான்!

வழி என்ன?

வழி ரொம்பச் சுலபம். மகன் பெயர் பேச்சுக்கு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

1983–ல் உலகக் கோப்பை வாங்கிய கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி, பிறகு இந்திய டீமின் தேர்வுக் குழுவில் இருந்தார். 2014–ல் அவர் மகன் ஸ்டூவர்ட் பின்னி இந்திய டீமுக்கு வந்தார். மகன் பெயர் வரும்போது அப்பா விவாதத்தில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று அப்போது செய்தி வந்தது. அப்படியும் ஏச்சு வந்தது. ஆனால் 2014 ஜூனில், டாக்காவில், வங்கதேசத்துக்கு எதிராக மகன் 4 ரன் மட்டும் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். 105 ரன்னில் சுருண்ட இந்தியா, எதிரியை 58 ரன்னில் சுருட்டியது!

நம் ஊர் டீம்களுக்கும் இது சரிப்படும். செலக்‌ஷன் நாளை முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். கோச்சின் மகனோ, அண்ணன் மகனோ வரிசையில் நின்றால், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரையோ, பழைய ஆட்டக்காரர் ஒருவரையோ அழைத்து ஆளைப் பொறுக்கச் சொல்லலாம். எல்லாப் பையன்களையும் பெற்றோர் முன்னால், திறந்த மைதானத்தில் ஆடவிட்டுப் பார்க்கலாம்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பஸ் டிக்கெட், ஒரு டீ. அவ்வளவுதான்!

அப்படிச் செய்தால் கோச்சின் மகன் தலை நிமிர்ந்து ஆடுவான். இடம் கிடைக்காத பையனும் "அவன் என்னைவிட நல்லா ஆடினான்ணே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் மைதானத்துக்கு வருவான்.