செம்பூரான் மண்ணும் குடிநீரும்

கேகாலை மாவட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களில், மலைச்சரிவிலிருந்து ஊறிவரும் நீரைப் பீலியிற் பிடித்துக் குடிக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றது. தெளிந்த நீரே நல்ல நீர் என்பதும், ஐயமிருந்தால் அதைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கவேண்டும் என்பதும் மக்கள் நன்கு கற்ற பாடங்கள். இரண்டாவது பாடம் மிகச் சிறந்தது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளைக் கொதிநீர் கொன்றுவிடும். ஆனால் ஈயம், கட்மியம், ஆசனிக் ஆகிய நஞ்சுகள் உயிருள்ளவை அல்ல. அவற்றை நெருப்பினாற் கொல்ல இயலாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவுஞ் செய்யும்.

இவற்றைப் பார உலோகங்கள் என்பர். ஆசனிக் முழு உலோகம் அன்று எனினும், நஞ்சினால் அவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகின்றது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கட்மியம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆசனிக் நீண்டகாலம் உடலிற் சேர்ந்தால் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீர் ஒரு லீற்றரில் ஈயமும் ஆசனிக்கும் தனித்தனியே 0.01 மில்லிகிராமையும், கட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 0.01 மில்லிகிராம் என்பது அந்நீரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பங்கைக் கண் காணாது, நாவும் அறியாது.

இந்நஞ்சு நீரிற் சேரும் வழிகள் பல. பழைய ஈயக் குழாய், பித்தளைத் திருகுபிடி, பற்றாசு வைத்த இணைப்பு ஆகியவற்றிலிருந்து, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீர் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். நீரூற்றின் அருகே உடைத்தெறியப்பட்ட மோட்டார் வண்டி மின்கலமும் ஈயத்தைக் கசியவிடும். சிலவிடங்களில் நிலமே நஞ்சைத் தருவதுண்டு. பங்களாதேசத்தில், குளத்து நீரினால் வரும் நோய்களைத் தடுக்கவென்று இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. அந்நீரிற் கிருமி குறைந்திருந்தது உண்மையே. ஆனால் பல கிணறுகளில் ஆசனிக் கலந்திருப்பது 1993ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

கரைந்திருக்கும் உலோகத்தைத் துணியால் வடிகட்ட முடியாது. அதைப் பிடித்துவைக்கும் வழிகளுள் ஒன்றே புறத்துறிஞ்சல் என்பது. பஞ்சு நீரை உள்ளே உறிஞ்சுவது அகத்துறிஞ்சல். ஒரு பொருள் இன்னொன்றைத் தன் மேற்பரப்பிலே ஒட்டவைத்துக்கொள்வது புறத்துறிஞ்சல். இங்கே வேலை செய்வது எடையன்று, பரப்பே. நுண்டுளைகள் நிறைந்த சில வகை இரும்பு ஒட்சைட்டுகளில், ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு 200 சதுர மீற்றரையுந் தாண்டும். ஒரு கரப்பந்தாட்டக் களத்தின் பரப்போ 162 சதுர மீற்றர்தான். ஒரு சிட்டிகைத் தூளில் ஒரு விளையாட்டுக் களம் அடங்கியுள்ளது எனலாம்.

இத்தகைய ஒட்சைட்டுகளைக் கொண்ட மண் கேகாலை மக்களின் காலடியிலேயே கிடக்கின்றது. அதுவே செம்பூரான் கல். சிங்களத்திற் கபொக் எனப்படும். அதை வெட்டி வீட்டுச் சுவர் கட்டுவதை யாவரும் அறிவர். 1807ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்பார் மலையாள நாட்டு அங்காடிப்புறத்தில் இக்கல்லை வருணித்து, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அதற்கு லற்றரைட்டு என்று பெயரிட்டார். நெடுங்கால மழையும் வெப்பமும் பாறையின் கரையக்கூடிய பகுதிகளைக் கழுவிச் செல்ல, இரும்பும் அலுமினியமும் ஒட்சைட்டுகளாக எஞ்சுகின்றன. கல்லின் செந்நிறம் அவ்விரும்பின் நிறமே. ஆசனிக்கையும், நீர் மிகுந்த அமிலத்தன்மை கொள்ளாதவிடத்து ஈயத்தையும், இவை பற்றிக்கொள்ளும்.

இம்மாவட்டத்தின் இன்னொரு செல்வம் போகலைச் சுரங்கத்துக் காரீயம். பெயரில் ஈயம் உண்டேயன்றிப் பொருளில் இல்லை. அது வெறுங் கரியம். இயல்பான காரீயத்தின் பற்றும் ஆற்றல் சிறிது. வேதியியல் முறையால் ஒட்சியேற்றி மென்படலங்களாகப் பிரித்தால் அது பார உலோகங்களை வலுவாகப் பிடிக்கும். எனினும் அஃது ஆய்வுகூடத்தார் செய்யத்தக்க வேலை, அடுப்படியில் ஆகாதது.

எளிய பொருள்களால் நற்பயன் விளைந்ததுண்டு. பங்களாதேசத்துக் குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், வார்ப்பிரும்புச் சீவல், மணல், செங்கற்றுண்டு, மரக்கரி ஆகியவற்றை வாளிகளில் அடுக்கி ஆசனிக்கை நீக்கும் வடிகட்டியை அமைத்து, 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரேஞ்சர் பரிசைப் பெற்றார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர், இரும்பு ஒட்சைட்டு வகையொன்றைக் கொண்டு ஆசனிக்கை அகற்றும் முறையை வகுத்துள்ளனர். இலங்கையின் உலர்வலயத்திலும், உலோகமல்லாத புளோரைட்டை நீக்குவதற்குச் செங்கற்றுண்டு நிரப்பிய வீட்டு வடிகட்டிகள் இதே தத்துவத்தைப் பயன்படுத்தின.

ஆயினும் இம்முறைகள் அனைத்துக்கும் ஒரு பொது எல்லை உண்டு. மேற்பரப்பிலுள்ள இடங்கள், பேருந்தின் இருக்கைகளைப் போல எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எல்லாம் நிரம்பியபின் வரும் நஞ்சு, தடையின்றி வெளியேறிக் குவளையிற் சேரும். அன்றும் நீர் முன்போலவே தெளிவாயிருக்கும். நீரின் தன்மை மாறினால், முன்பு பிடித்ததையும் அப்பொருள் மீண்டும் விட்டுவிடக்கூடும். அடைந்த பழுதைக் காட்டாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிடத் தீங்கானது. ஏனெனில் அது மனிதரை நம்பவைத்துவிடுகின்றது.

ஆகவே, செம்மண்ணை ஒரு பானையில் இட்டு நீரை ஊற்றிவிட்டால் போதும் என எவரும் எண்ணலாகாது. முதலில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமோ, நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையை அணுகியோ நீரைச் சோதிப்பிக்க வேண்டும். கிருமிச் சோதனை உலோகத்தைக் காட்டாது. உலோகச் சோதனை வேண்டுமெனப் பெயர் சொல்லிக் கேட்டல் அவசியம். நஞ்சு இருப்பதாகத் தெரிந்தால், அது வரும் வழியை அடைப்பதே முதற்பணி; பழைய குழாயை மாற்றுவது பல வடிகட்டிகளுக்குச் சமம். அதன்பின்னும் வடிகட்டி தேவைப்படின், உள்ளே நிரப்பிய பொருளை மாற்றும் நாளை அதன்மீதே எழுதிவைத்து, வெளிவரும் நீரையும் காலந்தோறும் சோதிக்க வேண்டும். கழித்த பொருளைப் பீலிக்கருகிற் கொட்டுவது, வெளியேற்றிய நஞ்சைத் திரும்ப அழைப்பதாகும்.

இவற்றை ஒரு வீட்டார் தனித்துச் செய்தல் அரிது. ஒரே பீலியில் நீரெடுக்கும் லயத்து மக்கள் ஒன்றுகூடி, தோட்ட நிருவாகத்திடம் சோதனைத்தாளைக் கேட்டுப் பெறுவார்களாயின், அதுவே எவ்வகை வடிகட்டியினும் முந்திய காவலாகும்.