பல் நாற்காலியின் இடப்பக்கம்

யோங் பெங்கில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். எஸ்.பி.எம். முடித்த மகளைப் பற்றிப் பேசும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "சாமான் எடுத்துக் குடுக்கற வேலைக்குப் படிப்பு எதுக்கும்மா?"

டாக்டர் வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் இடப்பக்கம். எச்சிலை உறிஞ்சும் குழாய் என் கையில். அது நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், தொண்டையைத் தொட்டுவிடக் கூடாது. டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார். அடுத்த கருவி அதில் இருக்க வேண்டும். பல் எண்களும் தெரிந்திருக்க வேண்டும்: அவர் மலாயில் "திகா எனாம்" (மூன்று ஆறு) என்றால் கீழ்வரிசை இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைக்கும் அதைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். விழுந்தால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.

கருவி சுத்தம் இன்னொரு பாடம். இரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி உள்ளே போகாது. அதனால் முதலில் கழுவி, காயவைத்து, உறையிலிட்டு, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் 134 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். உறையில் உள்ள குறி நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். கிருமி செத்ததா என்று அறிய ஸ்போர் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். இது தெரியாதவர் கையில் ஒருவரின் நோய் அடுத்தவருக்குப் போகும்.

பல் பராமரிப்புப் பயிற்சிக்கு நம் மலேசியாவில் நீண்ட வரலாறு உண்டு. நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. அதே வழியில் 1949இல் பினாங்கிலும் பயிற்சிப் பள்ளி வந்தது. அன்றைய பல் தாதியர்தான் இன்றைய 'ஜூருத்தெராப்பி பெர்கிகியான்' (பல் சிகிச்சையாளர்). மூன்றாண்டு டிப்ளோமா படித்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் அடைப்பது, பால்பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது எல்லாம் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1913இல் ஆல்பிரட் ஃபோன்ஸ் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த ஹைஜீனிஸ்ட் வேலை வேறு. ஹைஜீனிஸ்டுகள் பெரியவர்களுக்கும் பல் சுத்தம் செய்து, பராமரிப்பு சொல்லித் தருவார்கள். என்னைப் போன்ற உதவியாளர் வாயில் சிகிச்சை செய்வதில்லை. எந்த வேலைக்குப் போகிறோம் என்று விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

தனியார் கிளினிக்குகளில் பலர் வேலை பார்த்தபடியே கற்கிறார்கள். அதில் தவறில்லை, சொல்லித் தருபவர் இருந்தால். சேரும் இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பயிற்சி தருவார்? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உண்டா? ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்? தெளிவான பதில் தராத இடத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.