காலையில் எழும்பாத எஞ்சினும் காணாமல் போகும் தண்ணீரும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோது, வரியோடு சேர்த்து விலையைக் கேட்ட நம்மவர்கள் பலர் பேசாமல் வீட்டுக்கு வந்து பழைய வேனையே கழுவித் துடைத்துக்கொண்டார்கள். புறக்கோட்டையில் சாமான் ஏற்றி அக்குறணைக்கும் மாவனல்லைக்கும் ஓடும் வேன்களில் இருபத்தைந்து, முப்பது வருடம் கண்டவை இன்றும் உண்டு. இந்த வாரம் அப்படிப்பட்ட பழைய டர்போ டீசல் வேன்களைப் பற்றி, குறிப்பாக டொயோட்டா டவுன்ஏஸில் வந்த 2சி-டீ எஞ்சினைப் பற்றிப் பார்ப்போம். 1974 சிசி, நான்கு சிலிண்டர். கீழே வார்ப்பிரும்பு புளொக், மேலே அலுமினிய ஹெட். சூடேறினால் இந்த ஹெட் தாங்காது, வால்வுகளுக்கிடையே வெடிக்கும் என்பது கராஜ்காரர் எல்லோரும் அறிந்த விடயம்.

முறைப்பாடு பெரும்பாலும் இரண்டாகத்தான் வரும். சுபஹுக்குப் பின் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இலேசில் எழும்பாது, எழும்பினாலும் உதறிக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும். அடுத்தது, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்ட மெக்கானிக் உடனே "ஹெட் போய்விட்டது, கழற்ற வேண்டும்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹெட் கழற்றும் செலவு சிறு வியாபாரியின் சரக்குக் காசையே விழுங்கக்கூடியது. வேன் கராஜில் கிடக்கும் நாட்களுக்கு வாடகை லொறியும் பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, இது ஒரே நோயா அல்லது ஒரே நேரத்தில் வந்த இரண்டு சிறு நோய்களா என்பதைத்தான்.

வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டால் டீசல் எரியாமல் வெளியே வரும். அந்தப் புகை கண்ணை எரிக்கும், பச்சை டீசல் மணக்கும். எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் வருவது நீராவி. டீசல் நெடி குறைவாக இருக்கும், கூலன்ட் ஊற்றியிருந்தால் ஒருவித இனிப்பு மணம் அடிக்கும், எஞ்சின் சூடான பிறகும் புகை விடாது. இந்த வித்தியாசத்தை மூக்கால் அறிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஹீட்டர் பிளக்கைப் பார்ப்பது எளிது. நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பெட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். பல்ப் எரியாத பிளக் செத்தது. கொழும்புச் சூட்டில் ஒன்று செத்தாலும் வண்டி எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். அதே வண்டி இரவு நுவரெலியாவில் தங்கினால்தான் குட்டு வெளிப்படும். பிளக் நல்லது என்றால் டீசல் பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். காலையில் அது மெத்தென்று இருந்து, பலமுறை அமுக்கி இறுகிய பின் எஞ்சின் உடனே எழும்பினால், எங்கோ ஒரு பழைய குழாயால் காற்று நுழைகிறது. குழாயும் கிளிப்பும் மாற்றினால் போதும்.

எஞ்சின் சுற்றவே இல்லையா? இரவு முழுவதும் நின்ற வண்டியின் பெட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் "டக்" என்ற சத்தம் மட்டும் வந்தால், டொயோட்டா ஸ்டார்ட்டருக்குள் உள்ள செப்புத் தகடுகள் தேய்ந்திருக்கக்கூடும். தகடு மட்டும் மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இனித் தண்ணீர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரில் கைப்பம்பு பூட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை காற்றடித்து வைத்தால் வெளிக்கசிவு தானே காட்டிக்கொடுக்கும். கீழ்க் குழாய், ரேடியேட்டர் ஓரம், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, டர்போவுக்குத் தண்ணீர் போகும் குழாய் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இந்த வேன்களில் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் சிறு கசிவு சூட்டில் காய்ந்துவிடும், நிலத்தில் சொட்டு விழாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த கறைதான் அடையாளம். மூடியின் ரப்பர் தேய்ந்தாலும் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஹெட்டைக் குறை சொல்லுமுன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

வெளியே எதுவும் இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லுப்போல் இறுகுவது, ரிசேர்வ் போத்தலில் விடாமல் குமிழி வருவது ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் பலமாகும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் உண்டு, எரிவாயு கலந்தால் நிறம் மாறும். அதையும் பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்ற அனுமதி கொடுங்கள்.

ஒரு விடயத்தில் கவனம். காலையில் சாவியைத் திருப்ப, எஞ்சின் பாதி சுற்றி "தடக்" என்று இறுகி நின்றால் மறுபடி திருப்பவே கூடாது. இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட்தான் வளையும். நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளையால் பீறிடும். அப்போது முகத்தை அங்கே வைக்க வேண்டாம்.

"நம் நாட்டில் பனி விழுவதில்லையே, கூலன்ட் எதற்கு?" என்று கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டுமல்ல. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். சாமானோடு கடுகண்ணாவை ஏறும் டர்போ வண்டிக்கு இந்தச் சில பாகை பெரிய விடயம். வெறும் தண்ணீரால் துருப்பிடித்து அடைத்த ரேடியேட்டர்தான் பல ஹெட்களை வெடிக்க வைத்திருக்கிறது.

கசிவை அடைக்கும் தூள் போத்தல்களும் கடையில் கிடைக்கும். வழியில் அகப்பட்டவர் வீடு வந்து சேர ஒருமுறை போடட்டும். அதைப் போட்டே ஓட்டினால் ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபடும். அதைவிட மோசம், தூளைப் போட்டு இரண்டு கிழமைக்குக் கசிவை மறைத்து வண்டியை இன்னொருவர் தலையில் கட்டுவது. குறையைச் சொல்லாமல் விற்பது எந்த வகையில் சேரும் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாங்குபவர், குளிர்ந்த எஞ்சினோடு அதிகாலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே "சூடாக்கி வைத்தேன்" என்று விற்பவர் சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

ஹெட் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கெஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். லேத் வேலைத்தளத்தில் ஹெட்டை அழுத்தச் சோதனை செய்து, மட்டம் பார்த்து, தேவையானால் சீவி எடுக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் ஒட்டுவதா, பஞ்சிகாவத்தையில் இன்னொரு ஹெட் தேடுவதா என்பதை விலை கேட்டு முடிவு செய்யலாம். அப்படி வாங்கும் பழைய ஹெட்டையும் பூட்டுமுன் அதே சோதனைக்கு அனுப்புங்கள். கூலியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள், கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.