திரையில் பூத்த பச்சைச் சதுரங்கள்

காலாண்டுத் தேர்வு விடுமுறை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள் என் தங்கை மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

“மாமா, உடனே வாங்க! அண்ணன் ஆன்லைன்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். செகண்ட் ஹேண்ட். மாட்டினோம், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. பத்து நாளைக்குள்ளதான் திருப்பிக் கொடுக்க முடியுமாம்!”

“வர்றேன். நீ ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வை.”

“ஸ்க்ரூ டிரைவர் வேணாமா மாமா?”

“முதல்ல நோட்டு. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்.”

நண்பர்களே, அந்த நோட்டில் நாங்கள் என்ன எழுதினோம் என்பதுதான் இந்த மாதக் கதை.

20 லட்சம் புள்ளிக் கோலம்

கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது? மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் போடுவார்கள் அல்லவா? கம்ப்யூட்டர் திரையும் ஒரு புள்ளிக் கோலம்தான். பல திரைகளில் அகலத்தில் 1920 புள்ளிகள், உயரத்தில் 1080 வரிசைகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட வேண்டும். விளையாட்டில் படம் தடங்கலில்லாமல் ஓட, இந்தக் கோலத்தை நொடிக்கு 60 முறை அழித்து அழித்துப் போட வேண்டும். அதாவது நொடிக்குச் சுமார் 12 கோடிப் புள்ளிகள்!

கம்ப்யூட்டரின் மூளையான சிபியு பெரிய கணக்கு வாத்தியார் மாதிரி. கடினமான கணக்கையும் போடுவார். ஆனால் ஒருவராக இருந்து இவ்வளவு பெரிய கோலத்தை எப்படிப் போடுவார்? கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜிபியு சிப்புக்குள் சின்னச் சின்னக் கணக்குப் பிரிவுகள் ஏராளம். அண்ணன் வாங்கிய கார்டில் 1280. ஆளுக்குச் சில புள்ளி என்று பிரித்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். போட்டு முடித்த நிறங்களை எழுதி வைக்கும் இடம்தான் கார்டின் மெமரி. நடுவில் ஜிபியு, அதைச் சுற்றி ஆறு மெமரி சிப்புகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எளியதில் தொடங்கு

கோளாறு என்றதும் பெரிய காரணத்தைத் தேடக் கூடாது. ஒரு நிமிடத்தில் சோதிக்கக்கூடிய, காசு செலவாகாத காரணத்தை முதலில் பார்க்க வேண்டும்.

அவர்கள் வீட்டுக்குப் போனதும் மானிட்டர் கேபிளைப் பார்த்தேன். அது பழைய இடத்திலேயே, மதர்போர்டில் செருகியிருந்தது. கார்டில் மாற்றிச் செருகினோம். அப்போதும் ஒன்றும் வரவில்லை. நோட்டில் எழுதினாள்.

கார்டின் ஓரத்தில் ஆறு ஓட்டைகள் உள்ள ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. “இது எதுக்குண்ணா?” என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் விழித்தான். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கொடுக்கும். வீட்டில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவு. இந்தக் கார்டுக்கு 120 வாட் வேண்டும். மிச்சத்தை அந்த ஆறு முனை சாக்கெட் வழியாக எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டி கொடுக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுக்கொண்டு கேபிளைச் செருகினோம். இரும்பைத் தொட்டது சாமி கும்பிட அல்ல! நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடத்தான். சுமார் 3000 வோல்ட் சேர்ந்தால்தான் அது ‘சுரீர்’ என்று நமக்கே தெரியும். சிப்பைக் கெடுக்க அதைவிட மிகக் குறைவே போதும்.

சுவிட்சைப் போட்டோம். திரை பளிச்சென்று வந்தது. “சரியாயிடுச்சு!” என்று குதித்தாள்.

விற்றவர் சொன்ன கார்டுதானா என்று மட்டும் பார்த்தோம். பழைய, சின்ன கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதி, பெரிய கார்டின் பெயரைச் சொல்ல வைத்து விற்பவர்களும் உண்டு. சிப்பையே படித்துச் சொல்லும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பார்த்தோம்: 1280 பிரிவுகள், 6 ஜிபி மெமரி. உண்மையான கார்டுதான்.

அண்ணன் விளையாட உட்கார்ந்தான். ஆறாவது நிமிடம் திரையில் ஒரு பச்சைச் சதுரம். அப்புறம் இரண்டு. அப்புறம் மழைக்குப் பின் காளான் முளைப்பதுபோல் திரை முழுவதும் சதுரங்கள். அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

ஆளுக்கொரு குற்றவாளி

“டிரைவர் சாஃப்ட்வேர்தான் தப்பு” என்றான் அண்ணன். “சூடுதான்” என்றார் பக்கத்து வீட்டு மாமா. போனில் அண்ணனின் நண்பன், “கார்டை ஓவன்ல வச்சு எடுத்தா சரியாயிடும்டா” என்றான்.

“விக்கிறவர் ‘மைனிங் செய்யாத கார்டு’ன்னு போட்டிருந்தார் மாமா. நம்ம மைன்ஸ்ல கூடவா இந்தக் கார்டு போடுறாங்க?” என்றாள் சின்னவள். நிலக்கரிச் சுரங்கம் உள்ள நெய்வேலியின் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்!

இது மண்ணைத் தோண்டும் சுரங்கம் அல்ல. ஈத்தீரியம் என்ற எண்ம நாணயத்துக்காகக் கணக்குப் போடுவதை ‘மைனிங்’ என்பார்கள். அதற்காகப் பலர் கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி, இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அதன்பின் இந்த மைனிங்குக்குக் கார்டு தேவைப்படவில்லை. அடுக்கி வைத்திருந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் மாதக்கணக்கில் சூட்டில் வெந்தவை.

ஆக, சந்தேகப்பட நாலு பேர் இருக்கிறார்கள்: கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், சூடு, ஜிபியு, மெமரி. யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விதி ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றதையெல்லாம் அப்படியே வை. இரண்டை ஒன்றாக மாற்றிக் கோளாறு போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது.

ஒரே விளையாட்டு, அதில் ஒரே இடம், அரை மணி நேரம் என்று பேசிக்கொண்டோம். திருப்பிக் கொடுக்க நேரலாம் என்பதால் கார்டின் திருகுகளைத் தொடவே கூடாது என்றும் முடிவு செய்தோம்.

சூடு குற்றவாளியா?

முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றவில்லை. ஆறாவது நிமிடம் சதுரம், அப்போது ஜிபியு வெப்பம் 88 டிகிரி. சூடு அதிகம்தான். பக்கத்து வீட்டு மாமா சொன்னது சரியாக இருக்குமோ?

கார்டு தன் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது தெரியுமா? நெய்வேலி அனல் மின் நிலையத்தில் இடுப்புச் சிறுத்த பெரிய கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் புகைபோக்கி என்று நினைக்கிறார்கள். அவை குளிர்விக்கும் கோபுரங்கள். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர வைத்துத் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட குளிர்நீரை, இந்தக் கோபுரங்கள் காற்றில் ஆற்றி அனுப்புகின்றன. மேலே வெள்ளையாகத் தெரிவது நீர்த்திவலை.

கார்டுக்குள்ளும் இதே வித்தை! ஜிபியு மேல் படிந்திருக்கும் செம்புக் குழாய்களுக்குள் துளி திரவம் இருக்கிறது. சிப்பின் சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே அலுமினியத் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரவமாகித் திரும்பி வரும். தகடுகளின் சூட்டை ஃபேன் காற்று அள்ளிக்கொண்டு போகும். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத குழாய்க்குள் ஆவி போவதும் திரவம் வருவதுமாக ஒரு சுற்று!

இரண்டாவது ஓட்டத்தில் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை எதிரில் வைத்தோம். வெப்பம் 71-க்கு இறங்கியது. ஆனால் ஏழாவது நிமிடம் சதுரங்கள் வந்துவிட்டன!

“அப்போ சூடு இல்ல!” என்றாள்.

“ஜிபியு சூடு மட்டுமே காரணம் இல்லைன்னு எழுது. நமக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான் எழுதணும்” என்றேன்.

மூன்றாவது ஓட்டத்தில் டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாகப் போட்டோம். ஆறாவது நிமிடம் சதுரம்.

சொல்வதெழுதுதல்

இப்போது ஜிபியுவும் மெமரியும் மட்டும் பாக்கி. இரண்டின் வேகத்தையும் தனித்தனியாகக் குறைக்கும் மென்பொருள் உண்டு.

நான்காவது ஓட்டத்தில் ஜிபியுவின் வேகத்தைக் குறைத்தோம். சதுரம் வந்தது. அதைப் பழையபடி வைத்துவிட்டு, ஐந்தாவது ஓட்டத்தில் மெமரியின் வேகத்தை மட்டும் குறைத்தோம். ஆறு நிமிடம்... பத்து நிமிடம்... அரை மணி நேரம். ஒரு சதுரம்கூட இல்லை!

அண்ணன் கைதட்டினான். சின்னவளோ நோட்டைப் பார்த்தபடி, “மெமரி வேகத்தைத் திரும்ப ஏத்திப் பாக்கலாமா மாமா? சதுரம் திரும்ப வந்தாத்தானே அதுதான் காரணம்னு சொல்ல முடியும்?” என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் செய்வது இதைத்தான். ஏற்றினோம். ஐந்தாவது நிமிடம் சதுரங்கள் ஆஜர்.

வேகத்தைக் குறைத்தால் ஏன் பிழை மறைகிறது? தமிழம்மா சொல்வதெழுதுதல் வைக்கும்போது மெதுவாகச் சொன்னால் எல்லாரும் சரியாக எழுதுவோம். கடகடவென்று சொன்னால், கை வலிக்கும் பிள்ளை தப்பாக எழுதும். பலவீனமான மெமரியும் அப்படித்தான். அவசரத்தில் 0-வை 1 என்று எழுதிவிடும்.

ஒரே ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும்? ஒரு புள்ளியில் பச்சை எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக, 0, 1 மட்டும் கொண்ட எட்டு இலக்கங்களில் எழுதுகிறார்கள். 20 என்பது 00010100. மங்கலான பச்சை. அதன் முதல் இலக்கம் மட்டும் 1 ஆனால் 10010100. அது 148. பளீர்ப் பச்சை! நிறங்களைக் கட்டம் கட்டமாகத்தான் மெமரியில் அடுக்குவார்கள். அதனால்தான் பிழையும் கட்டமாகத் தெரிகிறது.

கடைசியாக, கார்டை நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். அங்கும் அதே சதுரங்கள். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு எல்லாம் நிரபராதி. கோளாறு கார்டின் மெமரிப் பகுதியில்.

ஏன் கெட்டது? சிப்பின் அடியில் கடுகைவிடச் சிறிய உருண்டைகளாகப் பற்றவைப்புகள் வரிசையாக இருக்கும். சூட்டில் விரிந்து, குளிர்ந்ததும் சுருங்கி, பலமுறை இப்படி நடந்தால் அதில் மயிரிழை விரிசல் விடலாம். அல்லது சிப்பே தளர்ந்திருக்கலாம். ‘ஓவனில் வைத்துச் சுடு’ என்கிறார்களே, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இப்போதைய பற்றவைப்பு உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கருகி நச்சுப்புகை வரும். சமைக்கும் அடுப்பு அதற்கான இடமல்ல.

கிணற்றில் வந்த கறுப்பு

நோட்டில் எழுதுவது வீண்வேலை என்று நினைக்கிறீர்களா? எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பே ஒருவர் கவனித்ததால் வந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் இங்கே தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. ‘தண்ணி வந்தா போதும்’ என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். சோதனைகளில் அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1961-இல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் அதிலிருந்து மின்சாரம் வந்தது. எங்கள் கார்டு குடித்த 120 வாட்டும் அந்தக் கறுப்பின் வாரிசுதான்!

ஏழு சோதனைகளையும் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, சதுரங்கள் தெரியும் வீடியோவோடு விற்றவருக்கு அனுப்பினான் அண்ணன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சின்னவள் அந்த நோட்டையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் டார்ச் எரியவில்லை, சைக்கிள் செயின் கழல்கிறது, கடிகாரம் பின்தங்குகிறது என்றால், உடனே ‘போச்சு’ என்று தூக்கிப் போடாதீர்கள். மின்சாரம் ஓடும் பொருள் என்றால் பெரியவர்கள் இல்லாமல் திறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை யாருமே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு நோட்டை எடுங்கள். கண்டதை எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் திரும்ப வைத்தும் பாருங்கள். எந்தக் கோளாறைக் கண்டுபிடித்தீர்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.